மாவு புளிக்கட்டும், பிறகு இறால் வரட்டும்

எப்படி இயங்குகிறது? மலையூரில் ஒரு கடல்நீர்த் தொட்டி

கூடலூர், பந்தலூர் பக்கம் பெய்கிற மழை பாண்டியாறாகவும் புன்னம்புழையாகவும் கேரளத்துக்குள் இறங்கி, சாலியாற்றில் சேர்ந்து, பேப்பூரில் அரபிக்கடலில் கலக்கிறது. மழைத்தண்ணீர் கடலுக்குப் போக வழி இருக்கிறது. கடல் மேலே ஏறி வர வழி இல்லை. நெல்லியாளத்தில் வீட்டுக்கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் இறால் வளர்க்க ஆசைப்படுகிறவர், கடல்நீரைத் தம் கையாலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அது முடிகிற காரியம்தான். இன்னும் சொன்னால், சித்திரை வெயிலில் தொட்டி நீரைக் குளிர்விக்க தனி இயந்திரம் வாங்கி வைக்கும் சென்னைக்காரர்களைவிட நமக்குத் தொட்டியைப் பராமரிப்பது எளிது.

இங்கே பேசப்போவது குழம்புக்கு வாங்குகிற இறாலைப் பற்றியல்ல. முதுகில் சிவப்புப் பட்டை, அதன் நடுவே பால்வெள்ளைக் கோடு, தலையில் நீண்ட வெள்ளை மீசை என்று இருக்கும் கிளீனர் ஷ்ரிம்ப். சிவப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட கைகளோடு நிற்கும் பேண்டட் ஷ்ரிம்ப். உடம்பெல்லாம் செக்கச் செவேலென்ற ஃபயர் ஷ்ரிம்ப். அலங்கார மீன் கடைகளில் இந்தப் பெயர்களிலேயே விற்கிறார்கள். இவற்றில் முதலாவதான கிளீனர் ஷ்ரிம்ப், பவளப்பாறையில் ஓரிடத்தில் நின்று மீசையை ஆட்டும். பெரிய மீன்கள் அருகே வந்து வாயைத் திறந்து நிற்கும். இறால் உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் பொறுக்கித் தின்னும். வீட்டுத் தொட்டியில் கையை மெல்ல நீட்டினால் நகக்கண்ணையும் சுரண்டிப் பார்க்கும்.

மீன் தாங்கும் பல குறைகளை இறால் தாங்காது. தண்ணீரில் கோளாறு என்றால் அதன் உடம்பில்தான் முதலில் தெரியும். அதனால் இறாலை நன்றாக வைத்திருக்கத் தெரிந்தவருக்குத் தொட்டி முழுவதையும் நன்றாக வைத்திருக்கத் தெரியும். அந்த வித்தையின் பெரும்பகுதி நம் அடுப்படியில் ஏற்கெனவே இருக்கிறது. இட்லி மாவு புளிப்பதைக் கவனித்துப் பார்த்தவருக்குக் கடல்நீர்த் தொட்டி புரியும்.

தொட்டியும் புளிக்க வேண்டும்

அரிசியும் உளுந்தும் அரைத்து உப்புப் போட்டுக் கலக்கி வைக்கிறோம். ஈஸ்ட் எதையும் தனியாகச் சேர்ப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் கையிலும் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்களே வேலையைத் தொடங்குகின்றன. லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா அவற்றில் முக்கியமானது. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, அமிலத்தையும் காற்றையும் வெளியிட்டு, மாவைப் பொங்க வைப்பது அதுதான். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பொங்கியிருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

தொட்டியிலும் இதே கதை, வேறு பாக்டீரியாக்களோடு. மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும், அழுகும் பாசியும் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. அது நஞ்சு, இறாலின் செவுள்களைச் சிதைத்துவிடும். தொட்டியில் உள்ள கல்லிலும் மணலிலும் ஒருவகை பாக்டீரியா குடியேறி அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை இறால் ஓரளவு தாங்கிக்கொள்ளும். மிஞ்சியதை நாம் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். இந்த இரண்டு கூட்டமும் பெருகி நிற்பதற்கு முன் இறாலை விடுவது, அரைத்த கையோடு மாவைத் தட்டில் ஊற்றுவதற்குச் சமம். இட்லி கல்லாகும், இறால் சாகும்.

மாவு ஓர் இரவில் பொங்குகிறது. தொட்டிக்கு ஏன் மாதக்கணக்கு? மாவிலுள்ள பாக்டீரியாவுக்குச் சர்க்கரை என்னும் கொழுத்த சாப்பாடு. நல்ல சூட்டில் ஒரு மணி நேரத்துக்குள் அது இரண்டு மடங்காகிவிடும். அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியாவுக்குத் தன் சாப்பாட்டில் கிடைக்கும் சத்து மிகக் குறைவு. அது இரட்டிப்பாக அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். ஆகவே சமவெளியில் நான்கு முதல் ஆறு வாரம். மலையில் சூட்டைக் கவனிக்காவிட்டால் இன்னும் கூடுதல்.

மார்கழி, தை மாதங்களில் இங்கே மாவு என்ன பாடு படுத்தும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். விடிந்தும் பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றுவோம், அடுப்பு மேடையின் ஓரத்தில் வைப்போம். தொட்டி பாக்டீரியாவும் அப்படித்தான். தண்ணீரின் சூடு 10 டிகிரி குறைந்தால் அதன் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எனவே மீனோ இறாலோ இல்லாத காலி தொட்டிக்கும் முதல் நாளிலிருந்தே ஹீட்டர் போட வேண்டும். 26 டிகிரி செல்சியஸ் போதும். ‘இன்னும் உயிர் எதுவும் விடவில்லையே, எதற்குக் கரண்ட் செலவு’ என்று அணைத்து வைக்கிறார்கள். அந்தத் தொட்டியில்தான் இரண்டு மாதம் கழித்தும் அம்மோனியா குறையாமல் நிற்கும்.

பழைய மாவில் ஒரு கரண்டி சேர்த்தால் புது மாவு சீக்கிரம் புளிக்கும். நோய் இல்லாத, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஃபில்டர் பஞ்சு ஒன்றோ கைப்பிடி மணலோ ஈரம் காயாமல் வாங்கி வந்து போட்டால் அதே பலன். புட்டியில் விற்கும் பாக்டீரியாவும் உதவும். ஆனால் எது போட்டாலும் டெஸ்ட் கிட் சொல்வதுதான் முடிவு.

செய்முறை இது. கல், மணல், உப்புநீர், ஹீட்டர், நீரோட்டம் எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு அம்மோனியா உண்டாக ஏதாவது கொடுக்க வேண்டும்: அம்மோனியம் குளோரைடு, அல்லது தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி. சில நாளில் அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். கடைசியில் நைட்ரேட் மட்டும் நிற்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும்படி போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வந்தால் மாவு பொங்கிவிட்டது. அப்போதும் முதலில் ஒன்றிரண்டு மீன் மட்டும். கல்லில் பாசியும் சிறு பூச்சிகளும் பிடித்து, அளவுகள் ஒரு மாதமாவது ஆடாமல் நின்ற பிறகே இறால்.

புளிப்பு ஏறினால்

மாவு பொங்குவது மட்டுமா, புளிக்கவும் செய்கிறது. தொட்டி பாக்டீரியாவும் அம்மோனியாவை மாற்றும்போது அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலத்தைத் தண்ணீரில் உள்ள கார்பனேட் தாங்கிக்கொள்கிறது. நாள் போகப்போகக் கார்பனேட் தீர்ந்துவிடும். பிறகு பிஹெச் இறங்கும். தொட்டியை ஓட்டத் தொடங்கி ஆறேழு மாதம் எல்லாம் சரியாக இருந்து, திடீரென்று இறால் ஓடு கழற்ற முடியாமல் சாவதற்குப் பின்னால் பல வீடுகளில் இந்தக் கார்பனேட் குறைவுதான் இருக்கிறது.

இந்தத் தாங்கும் சக்தியை அல்கலினிட்டி என்கிறார்கள். டிகேஹெச் என்ற அளவில் 8 முதல் 9 வரை வைத்திருந்தால் பிஹெச் 8.1 முதல் 8.4 வரை தானாக நிற்கும். அதிகம் புளித்த மாவில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவார்களே, அதே ஆப்ப சோடாதான் இங்கேயும் மருந்து. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் போட்டால் அல்கலினிட்டி சுமார் 1 டிகேஹெச் ஏறும். நேராகக் கொட்டக் கூடாது. நல்ல நீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஒரு நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்றவே கூடாது.

சமையல் உப்பு ஏன் ஆகாது

மாவுக்கு உப்பை நாக்கு சொல்லும். தொட்டிக்கு நாக்கு உதவாது, ரிஃப்ராக்டோமீட்டர்தான் சொல்ல வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. ‘உப்புகள்’ என்று பன்மையில் சொல்வதற்குக் காரணத்தைத் தூத்துக்குடி உப்பளத்தில் பார்க்கலாம். பாத்தியில் கடல்நீரை வெயிலில் வற்ற விடும்போது முதலில் ஜிப்சமாகக் கால்சியம் படிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, நாம் சமையலில் போடுகிற உப்பு படிகமாகிறது. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் தங்கிவிடுகிறது. சமையலறைக்கு வருவது நடுவில் எடுத்த பங்கு மட்டுமே. அதைத் தண்ணீரில் எவ்வளவு கரைத்தாலும் கடல் திரும்பி வராது. கால்சியமும் மெக்னீசியமும் பாத்தியிலேயே நின்றுவிட்டன. இறாலின் ஓடு உறுதிப்படக் கால்சியம் வேண்டும். தண்ணீரில் கால்சியம் படியாமல் கரைந்து நிற்க மெக்னீசியம் வேண்டும்.

ஆகவே கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்புதான் வாங்க வேண்டும். 100 லிட்டருக்கு நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1300-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். கோழிக்கோட்டுக் கடற்கரையிலிருந்து கேனில் பிடித்து வரலாமே என்று தோன்றும். கரையோர நீரில் ஆற்றுநீரும் சாக்கடையும் படகு எண்ணெயும் கலந்திருக்கும். மழைக்காலத்தில் உப்பின் அளவும் நிலையாக இருக்காது. கலவை உப்பே நம்பிக்கையானது.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்; உப்பு உள்ளேயே நிற்கும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. 100 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் ஆவியானால் 35 என்பது 35.7 ஆகும், இறால் பொறுத்துக்கொள்ளும். 30 லிட்டர் தொட்டியில் அதே 2 லிட்டர் போனால் 37.5. புதிதாகத் தொடங்குகிறவர் 100 லிட்டருக்குக் குறையாமல் தொட்டி வாங்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். தை, மாசியில் காற்று வறண்டிருக்க, உள்ளே ஹீட்டர் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருக்க, ஆவியாவது வேகமாக நடக்கும். ஆடி மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீர் குறைவதே தெரியாது. வாரம் இத்தனை செம்பு என்று கணக்கு வைக்காமல், கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை நிரப்புங்கள்.

தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்

நம் ஊற்று நீர் பளிங்குபோல் இருக்கும், உப்புக் கரிக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியாது. அதனால் அதை அப்படியே தொட்டிக்கு ஊற்றலாம் என்று நினைப்பது மலையில் எல்லோருக்கும் வரும் எண்ணம். இறாலுக்கு அது ஆபத்து. காரணம், தேயிலைக்குத் தெளிக்கும் மருந்து.

தேயிலையில் கொப்புள நோய் தென்னிந்தியாவுக்கு 1946-ல் வந்தது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் துளிர் இலையில் கொப்புளமாகக் கிளம்பும் இந்தப் பூஞ்சையை அடக்கத் தோட்டங்களில் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிப்பது பல ஆண்டுப் பழக்கம். அது செம்புச் சத்துள்ள மருந்து. தெளித்தது மழையில் கழுவி ஓடையில் இறங்கும். காற்றில் வந்து கூரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் படியும். இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு கலந்த புரதம்தான். ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு மிகக் கொஞ்சம் மிகுந்தாலும் அதன் செவுள் கெட்டுவிடும். கடல்மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் போடும் மருந்திலும் செம்பு இருக்கும். மீனைக் குணமாக்கும் அந்த அளவே இறாலைக் கொன்றுவிடும். ஒருமுறை செம்பு மருந்து போட்ட தொட்டியின் கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியிடும். பழைய தொட்டி வாங்குகிறவர்கள் இதை மறக்காமல் கேட்க வேண்டும். செம்புக் குடம், பித்தளை அண்டா, பித்தளைக் குழாய் எதுவும் தொட்டி நீர்ப் பக்கம் வரவே கூடாது.

நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். தோட்டத்து ஊற்றில் உரத்தின் நைட்ரேட் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு, ஆர்.ஓ. கருவியும் அதன் பின்னால் மிச்சத் தாதுக்களை எடுக்கும் டி.ஐ. பிசின் குழாயும். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்ட வேண்டும். குடிநீருக்கென்று வீட்டில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ.வில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலக்கும் பகுதி இருக்கும். அந்த நீரை அப்படியே நம்பக் கூடாது.

தண்ணீரைப் போலவே அறைக் காற்றையும் கவனிக்க வேண்டும். கொசுவத்தி, கொசுவிரட்டித் திரவம், கரப்பான் ஸ்பிரே ஆகியவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. பூச்சியைக் கொல்வதற்கென்றே செய்தது. இறாலும் உடற்கூற்றில் பூச்சிக்கு நெருங்கிய உறவு. தொட்டியில் உள்ள காற்று மோட்டார் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. தொட்டி உள்ள அறையில் இவை எதுவும் வேண்டாம். தோட்டத்தில் மருந்தடிக்கும் நாளில் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

உயரத்தில் மூச்சு

மலையில் தொட்டி வைப்பவர் அறிய வேண்டிய இன்னொன்று, சமவெளிக்காரர் யாரும் சொல்லித்தராதது. கடல்மட்டத்தில் 25 டிகிரி சூட்டில் உள்ள கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைத்தான் பிடித்து வைத்திருக்க முடியும். உப்பு இருப்பதால் நன்னீரைவிட இது குறைவு. 1000 மீட்டரை ஒட்டிய நம் உயரத்தில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைகிறது. தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறைந்து 6 மில்லிகிராம் அளவில் நிற்கும். அந்த 6 இறாலுக்குப் போதும். ஆனால் கையிருப்பு சிறியது. தீனி மிச்சமாகி அழுகினால், மோட்டார் நின்றால், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே நீர்ப்பரப்பு எப்போதும் அலை பாய்ந்துகொண்டே இருக்கும்படி, நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் மோட்டாரை மேல்நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். ஸ்கிம்மர் இருந்தால் அது அழுக்கை நுரையாக எடுப்பதோடு காற்றையும் ஏற்றும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊர் இது. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கித் தயாராக வைத்திருங்கள். விலை மிகக் குறைவு. கரண்ட் இல்லாத இரவில் தொட்டியைக் காப்பது அதுதான். மாவுப் பாத்திரத்துக்குச் சுற்றுகிற கம்பளியைத் தொட்டியின் மூன்று பக்கமும் சுற்றுங்கள். மேல்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். கரண்ட் வரும்வரை தீனி போட வேண்டாம். சூடு மெல்ல 22-க்கு இறங்கினால் இறால் தாங்கும். பதறிப்போய் வெந்நீர் ஊற்றி ஒரேயடியாக ஏற்றுவதைத்தான் தாங்காது.

ஹீட்டர் வாங்கும்போது பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியது இரண்டு வாங்குங்கள். ஒன்று பழுதாகி நின்றாலும் இன்னொன்று காப்பாற்றும். ஒன்று அணையாமல் எரிந்தாலும் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பலம் அதற்கு இருக்காது.

சொட்டுச் சொட்டாக

இறால் சென்னையிலிருந்தோ கோழிக்கோட்டிலிருந்தோ பாலித்தீன் பையில் வரும். நாடுகாணிச் சுரம் ஏறி வந்தாலும் ஊட்டி வழியாக இறங்கி வந்தாலும் பல மணி நேரப் பயணம். பையை முதலில் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டால் சூடு சமனாகும். பிறகு இறாலைப் பை நீரோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, டப்பாவைத் தொட்டிக்குக் கீழே தரையில் வையுங்கள். காற்றுக் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு, மறுமுனையை உறிஞ்சி நீர் வரச் செய்து, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்குங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும்.

டப்பாவில் நீர் மூன்று மடங்காகும் வரை, ஒன்றரை மணி நேரம் போல, பொறுங்கள். இறாலின் உடம்புக்குள் இருக்கும் உப்பு வெளியே உள்ள உப்புக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் வேண்டும். கடை நீரில் உப்பு 31, உங்கள் தொட்டியில் 35 என்றால் நேராகப் போடப்பட்ட இறால் அன்றைக்கு நீந்தும், மறுநாளோ அதற்கு மறுநாளோ கவிழ்ந்து கிடக்கும். வலையில் தூக்கக் கூடாது, மீசையும் காலும் சிக்கி முறியும். ஒரு கிண்ணத்தில் மொண்டு விடுங்கள். டப்பாவில் உள்ள நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. விளக்கை அணைத்து வைத்தால் இருட்டில் தானாக ஒரு பொந்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

ஓடு கழற்றும் இரவு

நன்றாகத் தின்னும் இறால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டைக் கழற்றும். அதன் வாழ்க்கையில் மிகவும் ஆபத்தான நேரம் அது. ஓரிரு நாள் முன்பே தீனியில் ஆர்வம் குறையும், பொந்தை விட்டு வராது. உடம்பில் நீரை ஏற்றிக்கொண்டு ஊதும். தலைக்கவசமும் வயிற்றுப் பகுதியும் சேருமிடத்தில், முதுகுப் பக்கம், பழைய ஓடு பிளக்கும். அந்தப் பிளவு வழியாக முதுகை வளைத்துத் தலையை உருவி எடுக்கும். பிறகு ஒரே துள்ளலில் வாலையும் உருவிக்கொண்டு வெளியேறும். கால், மீசை, கண்ணின் மேல்தோல், செவுளின் உறை, இரைப்பையின் உள்தோல் எல்லாம் பழைய ஓட்டோடு கழன்று போகும். புது ஓடு உறுதிப்பட ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை அது மெத்தென்ற உடம்போடு ஒளிந்திருக்கும். கல்லை அடுக்கும்போது குறுகலான பொந்துகள் விட்டு அடுக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

காலையில் தொட்டியைப் பார்க்கிறவருக்கு மணலில் இறால் செத்துக் கிடப்பதாகவே தெரியும். மீசை முதல் வால் வரை முழு உருவம். குச்சியால் தொட்டுப் பாருங்கள். கழற்றிய ஓடு கண்ணாடியாக, எடையின்றி மிதந்து நகரும். செத்த இறால் வெளுத்து மங்கிக் கனமாகக் கிடக்கும், நாறவும் தொடங்கும். அதை உடனே எடுத்துவிட வேண்டும். ஓட்டை எடுக்க வேண்டியதில்லை. இறால் அதைத் தின்று கொஞ்சம் கால்சியத்தைத் திரும்பப் பெறும்.

முக்கால்வாசி கழற்றி நடுவில் மாட்டிக்கொண்டு சாகும் இறால்களைப் பார்த்துவிட்டு அயோடின் புட்டியைத் தேடி ஓடுகிறார்கள். வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை நல்ல கலவை உப்புநீரால் மாற்றினாலே வேண்டிய அயோடின் வந்துவிடும். அளந்து பார்க்காமல் ஊற்றினால் அயோடினே நஞ்சு. உப்பு ஏறி இறங்குவது, அல்கலினிட்டி சரிவது, சூடு ஊசலாடுவது என்ற மூன்றையும் முதலில் சரிபாருங்கள். மாற்றுவதற்கான நீரை முந்தின நாளே கலந்து, மோட்டாரும் ஹீட்டரும் போட்டு, தொட்டியின் உப்புக்கும் சூட்டுக்கும் சமமாக்கி வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

கிளீனர் ஷ்ரிம்ப் இளமையில் ஆணாக இருந்து, வளர்ந்தபின் ஆணும் பெண்ணுமாக ஒருசேர ஆகிவிடும். எந்த இரண்டை விட்டாலும் ஜோடி. ஓடு கழற்றிய கையோடு கூடி, பச்சை முட்டைகளை வயிற்றடியில் சுமந்து திரியும். பேண்டட் ஷ்ரிம்ப் அப்படியல்ல. இணைசேர்ந்த ஜோடியாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றே ஒன்று. பொருந்தாத இரண்டு சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைக் கொல்லும்.

தீனி நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு. கலவாவும் கிளாத்தியும் சிங்கமீனும் இறாலை விழுங்கிவிடும். கோமாளி மீனும் கோபியும் நல்ல துணை.

எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

வெளிநாட்டுப் புத்தகங்கள் ‘லைவ் ராக்’ வாங்கிப் போடச் சொல்லும். கடலில் ஊறி உயிர்கள் ஒட்டிய பவளக்கல் அது. நம் நாட்டில் கல்பவளங்கள் 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்த காலத்தின் விளைவாக அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. ஒரு தொட்டியின் அழகுக்காக அந்தப் பாறையில் ஒரு துண்டும் கேட்கக் கூடாது. நுண்துளை உள்ள செராமிக் கல்லோ, செயற்கையாகச் செய்த கல்லோ போதும். பாக்டீரியாவுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள இடம். இறாலுக்கு வேண்டியது ஒளிந்துகொள்ளப் பொந்து. பவளமே இல்லாத தொட்டியிலும் இறால் குறைவில்லாமல் வாழும்.

இறாலும் பெரும்பாலும் கடலில் பிடித்ததுதான். கிளீனர் ஷ்ரிம்ப்பின் குஞ்சுகள் மாதக்கணக்கில் மிதந்து வளர்பவை என்பதால் தொட்டியில் வளர்த்தெடுப்பது கடினம். நல்ல தொடக்கம் ஒன்று லட்சத்தீவில் நடந்திருக்கிறது. தேசிய மீன் மரபுவளப் பணியகம் அகத்தித் தீவில் அமைத்த மையத்தில் தோர் ஹைனானென்சிஸ், அன்சைலோகாரிஸ் பிரெவிகார்பாலிஸ் என்ற அலங்கார இறால்களை இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளைத் தீவுப் பெண்களிடம் கொடுத்து வளர்க்கச் செய்தார்கள். கோமாளி மீனை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் வளர்த்துக் காட்டியிருக்கிறது. வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்கத்தான் வளர்ப்பு இறால் கடைக்கு வரும்.

கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது வளர்த்ததா, பிடித்ததா? கடைத் தொட்டியில் உப்பு எவ்வளவு? அந்தத் தொட்டியில் செம்பு மருந்து போட்டார்களா? பிறகு உங்கள் கண் முன்னால் ஒரு துண்டு தீனி போடச் சொல்லுங்கள். இறால் பாய்ந்து வந்து எடுக்க வேண்டும். பதில் சரியில்லை என்றால், அல்லது உங்கள் தொட்டி இன்னும் தயாராகவில்லை என்றால், வெறுங்கையோடு வீட்டுக்கு வாருங்கள். அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.